கரையாத மண் கல்

இன்று காலை துவைக்கும் கல் ஆடுகிறதென்று முட்டுக் கொடுக்க ஏதாவது தேடினேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுக் கொல்லையில், முருங்கையடியில், அந்நாளில் மாதிரிக்கென்று கொண்டுவந்து போட்ட நம் மண் கல் ஒன்று கிடந்தது. நேற்றைய மழையில் நனைந்து, செம்மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே வாசனை. எடுத்துப் பார்த்தேன். முனைகள் மழுங்கவில்லை. நகத்தால் கீறினேன், உதிரவில்லை. பன்னிரண்டு வருஷ மழை அதன்மேல் பெய்திருக்கிறது. நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதை இப்போது காகிதத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வீடில்லாத கூலிக் குடும்பங்களுக்குக் காலனி கட்ட நம் இருவரையும் ஓவர்சியர்களாகப் போட்டார்கள். சிமெண்ட் பர்மிட்டுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த காலம் அது. நீ எங்கிருந்தோ ஒரு கை அச்சு மெஷினைக் கொண்டுவந்தாய். சலித்த செம்மண்ணில் சுண்ணாம்பைக் கலந்து அச்சில் கொட்டி, அதன் நீளக் கம்பியில் நாம் இருவரும் தொங்கி அழுத்துவோம். நிழலில் காயவைத்தால் கல் தயார். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் புளியமரம் போவதைப் பார்த்தாலே உனக்கு வயிறு எரியும். "நாலு பேருக்கு நெழலு குடுக்கறோம்னு சொல்லி, ஊரு நெழலையெல்லாம் வெட்டி எரிக்கறமேப்பா" என்பாய். ஆபீஸில் உனக்கு மண் பைத்தியம் என்று பேர் வைத்தவன் நான்தான்.

உன் அப்பா காரியத்துக்கு நீ ஊருக்குப் போயிருந்த வாரத்தில் பாவாயி வந்தாள். காலனியின் முதல் வீடு அவளுடையது. அவள் மகளைப் பெண் கேட்டு மல்லசமுத்திரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள்.

"ஏனுங்க, ஊடு பாக்க வாராங்க. மண்ணு செவுத்தப் பாத்தா காப்பி கூடக் குடிக்காமப் போயிருவாங்க. எங்களுக்கு மட்டும் ஏனுங்க சாமி மண்ணு? மேல கொஞ்சம் சிமிட்டி பூசிக் குடுங்க."

சிமெண்ட் பூசக் கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். "சுண்ணாம்பு அடிச்சாப் போதும். செவுரு மூச்சு உடோணும்." எனக்கு அது தெரியும். ஆனால் வாசல், ஜன்னல்களுக்கு மேலே போடும் லிண்டலுக்குப் போக மீந்த சிமெண்ட் மூட்டைகள் இருந்தன, அவள் அழுதாள், எனக்கும் நல்லவனாகிற ஆசை. பூச்சு பிடிக்கவில்லை என்று கொத்தனார் சொன்னார். கல்லின் முகத்தைக் கொத்திவிட்டுப் பூசுங்கள் என்றேன். நாம் தொங்கி அழுத்தி ஏற்றிய பலமெல்லாம் அந்த முகத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்க, அந்த வரிசை முழுக்கப் பூசியாயிற்று. பாவாயி மகளுக்குக் கல்யாணமும் நிச்சயமாயிற்று.

நீ திரும்பி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாய். "ஆரு பூசச் சொன்னது?"

"அவங்களே பூசிக்கிட்டாங்கப்பா" என்றேன். நீ நம்பிவிட்டாய். உடனே பெயர்த்துவிடலாம் என்றாய். கல்யாணம் முடியட்டும் என்று அதையும் நான்தான் தள்ளிப்போட்டேன்.

ஐப்பசி மழையில் தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நின்றது. பூச்சு பாளம் பாளமாக மண்ணோடு விழுந்தது. ஒருநாள் பாவாயி வீட்டுச் சுவரே சாய்ந்தது. எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, "மண்ணுன்னா இப்படித்தான்" என்றார். பாவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதவி செய்தவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நீயோ பூச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் பழி அந்த ஜனங்கள்மேல் விழும் என்று பயந்தாய். "கல்லுல குத்தமில்லீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

உன்னைத் தூக்கி வேறு ஊருக்குப் போட்டார்கள். மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அடுத்துக் கட்டவிருந்த காலனிகளும் பால்வாடியும் செங்கல்லும் சிமெண்ட்டுமாக எழுந்தன. இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் புளியமரங்களில் பாதி இல்லை, சூளைகள் புகைகின்றன. இனி யாரும் அங்கே மண் கல்லில் கட்டப்போவதில்லை. பேச்சை எடுத்தாலே பாவாயி வீட்டுச் சுவரைச் சொல்கிறார்கள்.

போன வருஷம் சேலம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாய். குடும்பம், உடம்பு எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாய்.

"பூச்சு உதிரும், சரி. செவுரு எப்பிடிப்பா சாஞ்சுது? நாஞ் சுண்ணாம்பக் கொறச்சுப் போட்டுட்டனா?"

பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. பூசச் சொன்னதையும் கல்லின் முகத்தைக் கொத்தச் சொன்னதையும் சொல்லியிருக்கலாம். "இருக்கும்பா" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். "அப்பிடித்தான் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாய். அதன்பின் உன்னை நான் பார்க்கவில்லை.

துவைக்கும் கல்லுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டேன். உன் கல்லைத் துடைத்து, இதை எழுதும் மேஜைமேல் வைத்திருக்கிறேன். நீ போட்ட சுண்ணாம்பு சரியாகத்தான் இருந்ததப்பா.