ஒயினில் தோல் ஷாப்பு வாசம்

அப்புக்குட்டி,

அம்மா சகாயமேரி எழுதுகிறேன். பாரிசில் குளிர்தான், வேறு குறையில்லை. நீ சுகமா என்று எழுதத்தான் கை போகிறது. உன்னைத் திண்டுக்கல்லில் அடக்கம் பண்ணியதைக்கூடப் போனில்தானே பார்த்தேன்.

நான் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், பாண்டிச்சேரி ஐயா, நேற்று நீ பிறந்த வருஷத்துச் சிவப்பு ஒயினைத் திறந்தார். அடி மண்டி கலங்காமல் மெதுவாக ஊற்றி எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

"மடக்குன்னு குடிச்சிடாத சகாயம். மோந்து பாரு. என்ன தெரியுது?"

"திராட்சையவே காணோமே ஐயா! ஈரத் தோலு, ஆவாரம்பட்டை ஊறுன தண்ணி... எம்மகன் தோல் ஷாப்புல தோலு பதனிட்டு முடிச்சு வந்து சட்டையக் கழட்டுனா இப்படித்தான் அடிக்கும்."

"பழைய ஒயின் அப்படித்தான். கொஞ்ச நேரத்துல வாசம் போயிடும்."

போய்விடக் கூடாதென்று கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். ஐயா சிரித்தார். பிறகு கழுவிக் கவிழ்த்துவிட்டேன். வாசம் மட்டும் போகவில்லை. துணி மடிக்கப் போனால் கூடவே வருகிறது. மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறுகிறது.

பயமில்லை அப்பு. என் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஊரில் உன் வேலைச் சட்டையைத் துவைத்துவிட வேண்டாமென்று அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். ஐயா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

கடைசியாக முகம் பார்க்க வராத அம்மாவைத் தேடி, இம்புட்டுத் தூரம் நீயே வந்துவிட்டாயா?