டெட் கீ பழுதில்லை

நேற்று உன் தமிழ் எலக்ட்ரானிக் தட்டச்சுப் பொறியைத் துடைப்பதற்காகச் சாய்த்தேன். மேசையெல்லாம் நெல் உமி. வலங்கைமான் அரிசி ஆலை அலுவலகத்திலிருந்து நீ அதை வாங்கி வந்தபின் எத்தனையோ அறுவடை முடிந்துவிட்டது. உமி மட்டும் தீரவில்லை.

நீ மதிப்புப் போடும் முறையே அதுதானே. பழைய கணினி விசைப்பலகை எது கிடைத்தாலும் வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டுவாய். உமி விழுந்தால் ஆலை, விபூதி விழுந்தால் கோயில் அலுவலகம், மூக்குப்பொடி விழுந்தால் பத்திர எழுத்தர். ஒன்றுமே விழாவிட்டால், "இதுல யாரும் வேலையே பாக்கலடா" என்று ஓரமாக வைப்பாய். தஞ்சாவூரில் உன்னைத் தவிர வேறு யாரும் இந்தச் சாத்திரத்தை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நீ போன பிறகு உன் மனைவி ஸ்டெல்லா வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு மகளோடு போய் இருக்க முடிவு செய்தாள். "மாடி ரூம்ல அவரு சேத்து வெச்ச கீபோர்டையெல்லாம் காலி பண்ணிக் குடுங்கண்ணே. காயலான் கடைக்கு மட்டும் வேணாம், அவரு தாங்க மாட்டாரு" என்றாள். போனவர் எதைத் தாங்குவார் என்பதில் மனைவிமார்களுக்கு இருக்கும் தெளிவு மற்றவர்களுக்கு வாய்ப்பதில்லை. நான் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளரை வரவழைத்தேன்; இவற்றை வாங்கி விற்பவரும்கூட.

மரியாதையான மனிதர். கையுறை போட்டுக்கொண்டார். முதல் வேலையாகக் காற்று ஊதும் இயந்திரத்தால் விசைப்பலகைகள் எல்லாவற்றையும் ஊதினார். உன் சான்றுகள் ஜன்னல் வழியே வெளியேறின. பிறகு எழுத்து அழியாத பலகைகளை உயர்ந்தவை என்று ஒரு பக்கம் அடுக்கினார், தேய்ந்தவற்றை மறுபக்கம். நீ நேர்மாறாக அடுக்கியிருந்தாய். ஒத்திக்கு வருகிறவர்கள் கீழே காத்திருந்ததால் அவர் அடுக்கியபடியே கட்டிக் கொடுத்தேன்.

கடைசியாகத் தமிழ்ப் பொறி. புள்ளி விசையை அழுத்தினார். புள்ளி விழுந்தது, அச்சுத் தலை நகரவில்லை.

"சார், இந்தக் கீ போயிடுச்சு. அடிச்சா நகரல."

"நகரக் கூடாதுங்க. அதுக்குப் பேரே டெட் கீ. முதல்ல புள்ளி, அப்புறம் அதுக்குக் கீழ எழுத்து."

"எழுத்தே இல்லாம புள்ளியா?"

"ஆமாங்க."

"வாங்குறவங்களுக்கு இதை எப்படி சார் புரிய வைக்கிறது? இங்கிலீஷ் கீயும் எழுத்துச் சக்கரமும் மாத்திட்டா வித்துப் போயிடும்."

'க்' அடித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு சார்" என்றார். சொல்லிக்கொண்டே 'பழுது' என்று ஒரு சீட்டு எழுதிப் பொறியின் நெற்றியில் ஒட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் உன் நினைவுதான் வந்தது. தட்டச்சு வகுப்பில் பழகிய விரல் உனக்குக் கைப்பேசியிலும் மாறவில்லை. புள்ளியைத்தான் முதலில் தட்டுவாய். 'பக்கம்' என்பது 'ப்கக்ம' என்று வந்து சேரும். கேட்டால், "போன் தப்பா அடிக்குதுடா" என்பாய்.

மற்றதெல்லாம் வேனில் ஏறியது. அவற்றை அவர் நன்றாகத்தான் வைத்துக்கொள்வார். பழுதென்று அவர் விட்டுப்போன இந்த ஒன்றை ஸ்டெல்லா பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நினைவுகளைச் சுமக்கிறேன் என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை மாடிப்படியில் தூக்கி இறங்கிப் பார்க்கட்டும். என் வீட்டில், "இது எப்பங்க போவும்?" என்று இப்போதே கேட்டாகிவிட்டது.

துடைத்து முடித்ததும் உன் பெயரை அடித்தேன். அது மெய்யெழுத்தில் முடிகிற பெயர். புள்ளி விழுந்தது, பொறி நகராமல் நின்றது. எழுத்தை அடித்தேன், நகர்ந்தது. சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். நல்ல பசை, வரவில்லை. எனக்குத் தெரிந்து புள்ளியை முதலில் வைக்கிறவன் இனி நான் ஒருவன்தான். எனக்குப் பிறகு அந்தச் சீட்டில் இருப்பது உண்மையாகிவிடும்.