என் தொண்டைக்கு ஒன்றுமில்லை

மதுரை,
11.8.1998

அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வருகிறேன்.

போன முறை வந்தவர்கள் என்னைப் பாடச் சொன்னார்கள். "பிள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு" என்று நீ முந்திக்கொண்டாய். அதற்கு முந்திய முறையும் அதேதான். "ஏட்டி, வாயத் தொறந்திராத. ஆம்பளக் கொரலு" என்று அடுப்படியில் வைத்தே எச்சரித்திருந்தாய்.

இங்கே ஆராய்ச்சி மாணவிகள் சிலர் சாயங்காலம் விடுதி மாடியில் கூடிப் பாடுகிறோம். ஆர்மோனியம் கிடையாது, தபலா கிடையாது, வெறும் வாய்தான். முதல் நாள் நான் பயந்து முனகியதைக் கேட்ட புதூர்க்காரி ஷிரின், "சத்தமாப் பாடுட்டி! எல்லாருக்கும் கீச்சுக் கொரலு. அடிக்கொரலு இல்லாம நம்ம பாட்டு அந்தரத்துல நிக்கி" என்றாள். இப்போது நான் நிறுத்தினால் மற்றவர்களுக்குச் சுருதி விலகிவிடுகிறது.

காப்பி போடு, கடலைமிட்டாய் வாங்கி வை. எனக்குத் தொண்டை கட்டியிருப்பதாக மட்டும் சொல்லாதே. பாடச் சொன்னால் பாடுவேன். அவர்கள் சொல்ல மறந்தாலும் பாடுவேன்.

நீயும்தான் ஒருநாள் கூட வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன் குரலே வாய்த்த மகள்