பின்வாசல் சுவிட்ச்

சேக்காடு, ஆவடி
மார்கழி 14, இரவு

என் கண்ணு வர்ஷாவுக்கு,

மணி பன்னிரண்டரை ஆகப் போகிறது, இந்த வேளையில் உட்கார்ந்து எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே, மன்னித்துக்கொள். பகலில் நாலு தடவை பேனாவை எடுத்தேன், நாலு தடவையும் ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல எழுந்து போய்விட்டேன். இங்கே நான், பதின்மூன்று கோழி, ஒரு சேவல், எட்டுக் குஞ்சு எல்லாரும் இன்றைய தேதிக்கு சுகம். அங்கே உன் நெஞ்சும் உன் பாதமும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேற்காட்டம்மாவை வேண்டிக்கொள்கிறேன். நெஞ்சு என்றது உன் சளியை நினைத்து, பாதம் என்றது அந்த பூட்ஸை நினைத்து. ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று டிகிரி என்று ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னாய், எனக்கு அன்றைக்கு முழுக்கக் கை சூடேறவில்லை. காலுறையை ஈரத்தோடு போடாதே, இரண்டு ஜோடி இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது, கூடவே மிளகுப்பொடியும் இருக்கிறது, உங்கள் பட்டாள முகாமில் பிரித்துப் பார்த்தால் மருந்து என்று சொல். உனக்குக் கொடுக்கும் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன் என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு மீதி நேரம் நீ சும்மா இருக்கிறாய், நான் சும்மா இருக்கிறேன், போன் மட்டும் இரைகிறது. இந்த வாரம் புதிதாக ஒன்று சொன்னாய், ட்ரெயினிங் முடிந்து கொடுக்கிற பதினைந்து நாள் லீவு வேண்டாம்மா, நான் இங்கேயே இருந்துடறேன் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் இதை எழுதுகிறேன், போனில் சொன்னால் பாதியில் நேரம் முடிந்துவிடும்.

ஆடி மாசம் நீ கிளம்பிப் போனதிலிருந்து ஒரு தடவைகூட நீ கோழிகளைப் பற்றிக் கேட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து மடியில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நீ, ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கருப்பி கார்த்திகைக் கடைசியில் பதினோரு குஞ்சு பொரித்தாள். அதற்கு மறுவாரமே பனி இறங்கிவிட்டது, இந்த வருஷம் ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற காற்று கத்தி மாதிரி இருக்கிறது, காலையில் எட்டு மணி வரைக்கும் எதிர்வீட்டு மதில் தெரிவதில்லை. கோழிக் கொட்டாயில் தரை நசநச என்று இருந்ததால் பழைய உமியை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்த மணலும் சாம்பலும் போட்டு மேலே புது உமி பரப்பினேன். பொழுது சாய்வதற்கு முன்னால் வயிறு நிறையக் கம்பு போடுகிறேன், வயிறு நிறைந்திருந்தால்தான் ராத்திரி உடம்பு சூடாக இருக்கும் என்று உன் அப்பா சொல்வாரே. வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வைக்கிறேன், தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கிறேன். காற்றடிக்கிற பக்கத்தை மறைக்க எதுவும் இல்லை, கோணிகள் எல்லாம் மழையில் நைந்துபோய்விட்டன. பரணில் தேடினேன். அங்கே அந்த பேனர் இருந்தது. வானகரம் மார்க்கெட்டில் அப்பாவோடு லோடு வண்டி ஓட்டினவர்கள் தெருமுனையில் கட்டினார்களே, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, ஆள் உயரத்துக்கு அவர் முகம் போட்டு, அதுதான். மடித்து வைத்தேனே தவிர தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. தண்ணீர் புகாத துணி வீட்டிலேயே அது ஒன்றுதான் இருந்தது. கட்டிவிட்டேன் கண்ணு. தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். என்னைத் திட்டாதே.

கட்டின அன்றிலிருந்து கொட்டாயில் நிம்மதி இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே போகும், போன வேகத்தில் சண்டை பிடிக்கும். டீச்சர் என்று நீ பெயர் வைத்தாயே அந்தச் செவலை, அவள் கண்ணில் பட்டதை எல்லாம் கொத்துகிறாள், மொட்டைக் கழுத்துக்காரிக்கு முதுகில் ரத்தம், நான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. எல்லாம் ஏறி உட்காருகிற அந்த மூங்கிலில் நடுவில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுகின்றன. ஓர் ஆள் நிற்கிற அகலம். இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு மிதித்துக்கொண்டு உட்காரும், அந்த இடத்துக்கு மட்டும் ஒன்றும் போகாது. மேலே பார்த்தால் பல்பு ஹோல்டர் தொங்குகிறது. பக்கத்து வீட்டு வனஜா அக்காவிடம் சொன்னதற்கு, அங்க ஒழுவுதுடீ, அதான் குந்த மாட்டேங்குது, பேயாவது பிசாசாவது என்றார். தகரத்தை மாற்றிப் பார்த்தேன், சொட்டு ஒழுகல் இல்லை, ஆனாலும் இடம் காலியாகத்தான் இருந்தது. சேவல் வேறு, தினமும் ஆறு மணி சுமாருக்குப் பின்வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், அப்பா வந்து கொட்டாய்க் கதவை மூடுவதற்கு நிற்பதுபோல. நான் மூடினால் அதற்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், என்ன சத்தம் என்று உனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் பின்வாசல் போர்டு நான் பிளாஸ்திரி ஒட்டின மாதிரியே இருக்கும். ஆமாம், நீ போனதும் அந்த சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன், அதற்கு முன்னாலும் அதை யாரும் தொடவில்லை, ஒரு வருஷமாகப் பின்பக்கம் இருட்டுதான்.

போன வாரம் ஒரே காலையில் மூன்று குஞ்சு விறைத்துக் கிடந்தன. வனஜா அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டார். இன்னா ரேகா, நீ கம்பிளி போத்திக்கினு கீற, அதுங்க மட்டும் சாவணுமா, ஒரு குண்டு பல்பு போட்டா எல்லாம் பொழச்சுக்கும், நீ இன்னாடான்னா செத்தவன் பேனர கட்டி வச்சிக்கினு அழுதுகினு கீற என்று. அப்புறம் அவரே வந்து கொட்டாய்க்குள் தலையை விட்டவர், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, காத்து போவ ஒரு சந்து வச்சியா நீ, எச்சம் நெடி கண்ண கரிக்குது, மூச்சு முட்டுனா கொத்திக்காம கொஞ்சிக்குமா என்றார். பிறகுதான் மேலே ஒரு சாண் பேனரைச் சுருட்டிக் கட்டினேன். கீழே காற்று வரக் கூடாது, மேலே காற்று போக வேண்டும், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயத்தில் மூடுகிறவளுக்கு அளவு தெரிவதில்லை. சண்டை பாதியாகக் குறைந்தது. ஆனால் குளிர் குறையவில்லை, எட்டுக் குஞ்சும் கருப்பியின் சிறகுக்குள் அடங்காமல் நடுங்கின, அந்தச் சத்தம் படுக்கை வரைக்கும் கேட்டது. மூன்று டிகிரி என்று நீ சொன்னதும் அந்தச் சத்தமும் எனக்கு ஒன்றாகிவிட்டது. சரி, பல்பு போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். இப்போது குண்டு பல்பு கேட்டால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், எல்.இ.டி. வெளிச்சம் கொடுக்குமே தவிர சூடு கொடுக்காது, மூன்றாவது கடையில்தான் அறுபது வாட்ஸ் கிடைத்தது. நானாகத் தொட மாட்டேன், இந்தத் தெரு எலெக்ட்ரீஷியனும் வேண்டாம், அன்றைக்கு நம் வீட்டுக் கூட்டத்தில் நின்றவன் அவன். காட்டுப்பாக்கத்திலிருந்து பரந்தாமன் என்று ஒருவர், அறுபது வயது இருக்கும், நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், அவரை வரச் சொன்னேன். இன்று காலை பத்து மணிக்கு வந்தார்.

வர்ஷா, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. அவர் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார், அணைத்தார், கொட்டாய்க்குப் போய் ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார், அது எரிந்தது. என்னைக் கூப்பிட்டு, இன்னாம்மா, ஆஃப் பண்ணு என்றார். ஆஃப்லதான் இருக்கு என்றேன். ஆன்ல போடு என்றார், போட்டேன், எரிந்தது. மறுபடி ஆஃப், மறுபடி எரிந்தது. அவர் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த லைன எவன்மா இழுத்தான், ரெண்டுமே கறுப்பு ஒயரு, எது இன்னான்னு எவனுக்குத் தெரியும், சுவிட்சு நியூட்ரல்ல கீது, கரண்டு வர்ற பேஸு நேரா ஹோல்டருக்குப் பூடுது, நீ அணைச்சா பல்புதான் அணையும், கரண்டு அங்கியேதான் நிக்கும், ஈரக் கையோட எவனாவது வச்சான்னா ஆளு காலி என்றார். என் ஊட்டுக்காரர்தான் இழுத்தார் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் கிடந்த ஒயரை வைத்து அவரே இழுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாய். எங்கம்மா அவரு, நாலு வார்த்த கேக்கணும் என்றார். நான் பேனரைக் காட்டினேன். அந்த மனிதர் டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு உமியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் அப்பாவை இழந்த அன்றைக்கும் கார்த்திகை மழை, புதுக் குஞ்சு, பல்பு ஃபியூஸ். வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுகொண்டு, பாப்பா பின்னாடி சுவிட்ச அணைச்சுடு என்று கூப்பிட்டார். அணைச்சுட்டேம்பா என்றாய். எரியாத பல்புக்கு சுவிட்ச் போட்டிருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வழி இல்லை, அந்த போர்டில் எழுத்தும் தேய்ந்து போயிருந்தது. பிறகு நான் ஓடிப்போய் மெயினை இழுத்தேன், கூட்டத்தில் வெளிச்சம் தேடி யார் யாரோ எல்லா சுவிட்சையும் தட்டினார்கள், யாருக்கும் எதுவும் தெரியாமல் போனது. அத்தனை பேர் முன்னால் நான் உன்னைப் பிடித்து உலுக்கி, அணைச்சேன்னு சொன்னியேடி என்று கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அப்புறம் நான் கேட்கவில்லை, நீயும் பதில் சொல்லவில்லை, பதினாறாம் நாள் முடிந்ததும் நீ, ஒருவேளை நான் மாத்தி அமுக்கிட்டேனோ என்னமோம்மா என்றாய், இல்லை என்று நான் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். அந்த சும்மாவில்தான் நீ பாரம் தாங்காமல் பட்டாளத்துக்கு விண்ணப்பம் போட்டு அவ்வளவு தூரம் போனாய் என்று எனக்குத் தெரியும். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ், உன்னை ஏழு மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதியவள், பேஸ் நியூட்ரல் வரைந்து மார்க் வாங்கியவள். பெற்ற பிள்ளையைக் கேட்டேனே தவிர அந்த ஒயரைக் கேட்கவில்லை. இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் அன்றைக்கு அடுப்படியில் இருந்தேன், உன் குரலுக்கு முன்னால் டக் என்று சுவிட்ச் சத்தம் எனக்குக் கேட்டது. நீ தொட்டாய், சொன்னபடி செய்தாய், அது எனக்கு அப்போதே தெரியும். ஒரு வருஷமாக நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. யார் மேலாவது போட்டால்தான் என்னால் நிற்க முடியும் போலிருந்தது, பக்கத்தில் நீ நின்றாய். நீ சரியாக அமுக்கினாயா தப்பாக அமுக்கினாயா என்பது இப்போது ஒரு கேள்வியே இல்லை, எப்படி அமுக்கியிருந்தாலும் அங்கே கரண்ட் இருந்திருக்கும். உன் கையால் நடக்கவில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படி. அவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது, மத்தியானம் பேனருக்கு முன்னால் நின்று கலர் ஒயர் வாங்க வக்கில்லையா உங்களுக்கு என்று சத்தமாகவே கேட்டேன், வனஜா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பரந்தாமன் பழைய ஒயரை உருவி எறிந்துவிட்டுச் சிவப்பும் கறுப்புமாகப் புதிதாக இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைகிற டிரிப்பரும் வைத்து, பல்பைச் சுற்றி வலைக் கூடு போட்டு, தரையிலிருந்து முழம் உயரத்தில் கருப்பி இருக்கிற மூலையில் தொங்கவிட்டுப் போனார். ஆறு மணிக்கு சுவிட்சைப் போட வேண்டும். பத்து நிமிஷம் விரலை வைத்துக்கொண்டு நின்றேன், பிறகு போட்டேன். பேனரில் உள்பக்கமாக இருந்த அவர் முகம் வெளிச்சத்தில் வெளிப்பக்கம் தெரிந்தது, இடம் வலமாக, வாசிக்க முடியாத எழுத்தோடு. நான் அணைக்கவில்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வெளிச்சத்தில் படுத்துக் காலை நீட்டிக்கொண்டன. டீச்சர் தூங்கிவிட்டாள். இப்போதுகூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு சத்தம் இல்லை. மூங்கிலில் அந்த இடம் மட்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். பேனரைக் கழற்றுவதா அப்படியே விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை, அதை நீ வந்துதான் சொல்ல வேண்டும்.

நீ தீர்க்காயுசாக, கால் வலி இல்லாமல், மனசில் கல் இல்லாமல் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். மிளகைப் பாலில் போட்டுக் குடி. காதை மூடிக்கொண்டு தூங்கு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, போனிலும் சொல்லாதே, உன் கையால் இரண்டு வரி எழுதிப் போடு, லீவுக்கு வருகிறாயா என்று மட்டும் எழுதினாலும் போதும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
ரேகா தினகரன்