நடவு முடிந்ததும் கப்பல்

1926 அக்டோபர் 9, சனி

விதைக்கிழங்கு வந்துவிட்டது. நீலகிரி உருளைக்கிழங்கு. இப்ராஹிம் பாய் துறைமுகத்திலிருந்து வண்டி பிடித்து வந்து வாசலில் இறக்கினார். பக்கத்து வீடு, பஜாரில் காய்கறிக் கடை. நான் விளைவிப்பதை அவர் விற்கிறார். மூட்டைக்கு நாலைந்து அழுகல். மற்றபடி பழுதில்லை.

மூங்கில் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பினேன். முளைவிட வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. இந்த வீட்டில் அப்படி ஒரே இடம்தான் இருக்கிறது. ஜன்னலோரம், குழந்தையின் தூளி தொங்குகிற இடம். தூளிக்கு இரண்டு பக்கமும் தட்டுகளை அடுக்கிவிட்டேன்.

அத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேத்தியும் கிழங்கும் ஒண்ணா முளைக்கட்டும்னு வெச்சுட்டீங்களா மாப்பிள்ளை?"

மகள் அம்சவேணி போன பிறகு அவர் சொன்ன முதல் கேலி. சிரித்திருக்கலாம். "காத்தோட்டம் வேணும் அத்தை" என்றேன்.

ஏற்பாடு இதுதான். மழை ஓய வேண்டும். நடவு முடிய வேண்டும். பிறகு அத்தை குழந்தையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறுவார். மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். ஜூலையில் மகளைப் பறிகொடுத்துவிட்டு, மழைக்காலக் கடலில் பச்சைக் குழந்தையோடு போக முடியாமல் இங்கே பர்மாவிலேயே கிடக்கிறார். ஊரில் மாமா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். "நடவாளுங்களுக்கு நான் சோறு பொங்கிப் போட்டுடறேன். நட்டு முடிச்சதும் எங்களை ஏத்தி விட்டுடுங்க" என்று அவரே சொன்னார்.

சரி என்றேன். ஒற்றை ஆம்பிளை கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அக்டோபர் 14

ஓடையைத் தாண்டி தாகேதாவில் என் தோட்டத்தைப் பார்த்து வந்தேன். நிலம் இன்னும் சேறு. ஆறங்குல ஆழத்தில் தெர்மாமீட்டர் எண்பத்திரண்டு. எழுபத்தெட்டுக்குக் கீழே இறங்காமல் நட மாட்டேன். ஈரச் சூட்டில் நட்டால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும். நவம்பர் பாதியைத் தாண்டினாலும் வம்பு. மாசி வெயில் பிடித்துக்கொள்ளும், தழை வளரும், அடியில் ஒன்றும் இருக்காது. இடையில் கொஞ்ச நாள்தான் சரியான நாள். வங்காளக் கிழங்கு வந்து குவிவதற்குள் நம் கிழங்கு பஜாருக்குப் போக வேண்டும்.

அத்தை பஞ்சாங்கத்தை எடுத்தார். "கிழங்குக்கு நாளும் நட்சத்திரமும் தெரியாது அத்தை, சூடும் ஈரமும்தான் தெரியும்" என்றேன். மூடி வைத்துவிட்டார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 21, வியாழன்

பௌர்ணமி. பர்மாக்காரர் வீடுகளில் எல்லாம் விளக்கு. அத்தைக்குத் தலைவலி, குழந்தை அழுகை. நான் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனேன். முதல் தடவை. கழுத்து நிற்கிறது. விளக்குகளைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. திரும்பி வரும்போது தூங்கிவிட்டது. தோள் முழுக்க எச்சில். சட்டையை மாற்றவில்லை.

அக்டோபர் 30

எண்பது. மேஸ்திரி மாரிச்சாமி ஆட்களை வைத்து மண்ணைக் கூட்டிப் பார் பிடிக்க ஆரம்பித்தான். நான் தெர்மாமீட்டரைக் குத்துவதைப் பார்த்து, "ஐயா நெலத்துக்குக் காய்ச்சல் பாக்குறாரு, கஷாயம் வெக்கணுமான்னு கேளுங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நவம்பர் 4

தீபாவளி. துக்க வீடு, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். அப்புறம் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனார். பாயின் மனைவி ஹாஜரா அக்காதான் பால் கொடுக்கிறார், பிறந்த அன்றிலிருந்து. ஒரு பக்கம் அவர் மகன் முகைதீனுக்கு, ஒரு பக்கம் பவுனுக்கு. பவுனம்மாள் என்று பெயர் வைத்தது அம்சவேணி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே. பெண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டு அவளோடு சண்டை போட்டேன்.

நவம்பர் 13, சனி

வடகாற்று. விடியலில் போர்வை தேட வேண்டியிருந்தது.

எழுபத்தேழு. ஈரம் பதம். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறது, விரலால் தொட்டால் உதிர்கிறது. முளை குட்டையாக, பச்சையாக, தடித்து நிற்கிறது. புத்தகத்தில் படம் போட்ட மாதிரி. "நாளைக்கு ஆளுங்களைக் கூட்டியாரட்டுங்களா? இல்ல இப்பவே ஓடட்டுமா?" என்றான் மாரிச்சாமி.

"இன்னைக்கு அஷ்டமி" என்றேன்.

நான்தான் சொன்னேன்.

அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். "நாளைக்கு நவமி ஆச்சுங்களே."

"அதுவும் ஆகாது."

நவம்பர் 14

நவமி. குழந்தை குப்புற விழுந்தது. எழத் தெரியாமல் தரையில் முகத்தை இடித்துக்கொண்டு சிரித்தது.

நவம்பர் 15, திங்கள்

அத்தை காலையிலேயே, "மாப்பிள்ளை, தசமி. நல்ல நாள்" என்றார். மூட்டையும் கட்டி வைத்திருந்தார்.

கிழக்குப் பக்கம் பார் சரியாகப் பிடிக்கவில்லை, பிரித்துப் பிடிக்க வேண்டும் என்றேன். அந்தப் பாரில் ஒரு குறையும் இல்லை. நானே நின்று பிடிக்க வைத்தது.

அத்தை என்னைப் பார்த்தார். போய் மூட்டையை அவிழ்த்தார். குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார்.

நவம்பர் 21

முளை நீள ஆரம்பித்துவிட்டது. இப்ராஹிம் பாய் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கிழங்கு வேண்டாம், முளையை அறுத்துக் கீரைன்னு வித்துடலாம்னு முடிவா? கட்டு கட்டிக் குடு, கூவிப் பாக்குறேன்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் நிலம், என் விதை, எனக்குத் தெரியும் பாய். நீங்க தராசைப் பாருங்க" என்றேன். மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

தெரியுமாம். என்ன தெரியும்? நடலைன்னா போக மாட்டாங்க, அதானே கணக்கு? அப்படியே எத்தனை நாளைக்குடா ஓட்டுவே? பூமி காத்திருக்குமா, அந்தப் பொம்பளை புருஷன் அங்கே படுத்துக் கிடக்கிறான் — நீ இங்கே தெர்மாமீட்டரை வெச்சுக்கிட்டு —

நாளை நடலாம்.

நவம்பர் 22

நடவில்லை.

நவம்பர் 27

காலையில் ஹாஜரா அக்கா வாசலில் வந்து நின்றார். எப்போதும் உள்ளே வந்து தூளியிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறவர். இன்று நிலைப்படியைத் தாண்டவில்லை.

"தம்பி, இனி நான் குடுக்கக் கூடாது" என்றார். முக்காட்டை இழுத்துக்கொண்டார். அவருக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது.

அத்தை உடனே புரிந்துகொண்டார். "ஆமாம்மா. சூல்பால் ஆகாது."

"யார் சொன்னது? எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கத்தினேன்.

"என் மவனுக்கே நிறுத்திட்டேன் தம்பி. நேத்திலேருந்து அவனும் கத்திக்கிட்டுத்தான் கெடக்கான். ஆகாதுன்னு தெரிஞ்சதை உங்க பிள்ளைக்கு மட்டும் எப்படிக் குடுப்பேன்?"

கெடுதல் இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் படித்தது மாட்டுக்கும் மண்ணுக்கும்.

நடுவில் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அக்கா பேசினால் இந்தப் பக்கம் பவுனு தலையைத் திருப்புகிறாள். வாயைத் திறக்கிறாள். அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

நவம்பர் 30, செவ்வாய்

டின் பால் தங்கவில்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தும் பேதி. டாக்டர் பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கண் உள்ளே போய்விட்டது. அழுகைக்குச் சத்தமில்லை.

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஊர்ல மருமவ பெத்து ரெண்டு மாசம். ரெண்டு பிள்ளைக்குப் பால் காணும் அவளுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நான் உங்களை அவசரப்படுத்தலை மாப்பிள்ளை" என்றார்.

அடுத்த கப்பல் வரும் செவ்வாய்க்கிழமை. போய்ச் சீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மாரிச்சாமியிடம் வியாழக்கிழமை ஆட்களோடு வரச் சொன்னேன். நல்ல நாளா என்று அவன் கேட்கவில்லை.

டிசம்பர் 2, வியாழன்

நட்டு முடிந்தது.

தட்டுகளைச் சம்பான் படகில் ஏற்றும்போதே பாதி முளை ஒடிந்துவிட்டது. ஒரு விரல் நீளம், வெளிறிப்போய். ஒடிந்ததையும் சேர்த்தே போட்டோம். வரிசைக்கு வரிசை நான் பின்னால் போய் மண் மூடினேன். யாரும் கேலி பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தையால் குழந்தையை விட்டு நகர முடியவில்லை. ஆட்களுக்குச் சோறு ஹாஜரா அக்கா பொங்கி அனுப்பினார். இப்ராஹிம் பாயே குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடை தாண்டி வந்தார். எனக்கு வைத்த சோற்றில் மட்டும் ஒரு முட்டை இருந்தது.

டிசம்பர் 7

போய்விட்டார்கள்.

துறையில் கூட்டம். தளத்தில் இடம் பிடிக்க ஆட்கள் மூட்டையோடு மூட்டையாக முட்டிக்கொண்டு ஏறினார்கள். பவுனு அத்தையின் சேலைத் தலைப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி மட்டும் தெரிந்தது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும், துணியைக் காயப்போடுங்கள், காற்றுப்படுகிற பக்கம் உட்காருங்கள். அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாப்பிள்ளை, நான் அஞ்சு பெத்தவ" என்றார். அப்புறம் மெதுவாக, "அழணும்னா அழுதுடுங்க. இந்த இரைச்சல்ல யாருக்குத் தெரியப்போவுது?"

"ஏணியை எடுக்கப் போறான். ஏறுங்க" என்றேன்.

ஏறினார். மேலே போய்த் திரும்பிக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அத்தனை தலைகளுக்கு நடுவில் எது அவர் கை என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு கையைப் பார்த்துத் தலையசைத்தேன்.

டிசம்பர் 8

பலகைக்கு அந்தப் பக்கம் ஹாஜரா அக்கா பேசினார். இந்தப் பக்கம் நான் தலையைத் திருப்பினேன்.

1927 ஜனவரி 9

காலையில் பனிமூட்டம். ஓடையின் அக்கரை தெரியவில்லை. சம்பான்காரன் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, "ச்சான்டெ ஸயா" என்றான் — குளிருகிறதாம். இந்தக் குளிர்தான் பயிருக்கு வேண்டும். ஆனால் கிழங்கு கட்டும் பருவத்துக்குப் பயிர் இன்னும் வரவில்லை. இந்தக் குளிர் வீண்.

ஊரிலிருந்து கார்டு. சேர்ந்துவிட்டார்களாம். மாமியிடம் பால் குடிக்கிறாளாம், பேதி நின்றுவிட்டதாம். மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்று இன்னொரு தடவை படித்தேன். வீட்டில் யாரும் இல்லை, எங்கே நின்று படித்தால் என்ன?

மார்ச் 6, ஞாயிறு

தோண்டினோம். நெல்லிக்காய் அளவு. சில செடியில் அதுவும் இல்லை, தழை மட்டும்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மாரிச்சாமிக்கும் தெரியும். இப்ராஹிம் பாய் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "பொடிக் கிழங்குக்குன்னே ஆள் இருக்கான் தம்பி. தோலோட வறுக்க இதுதான் தேடுவான்" என்றார். பொய். நல்ல மனுஷன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் கிழங்கு நடப்போவதில்லை. மழை ஓய்ந்ததும் முதல் கப்பலில் ஊருக்குப் போய்ப் பவுனைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். அதற்குள் பால் மறந்திருக்கும், சோறு தின்னும். ஹாஜரா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "கொண்டாங்க தம்பி. ரெண்டோட மூணா வளரட்டும். சோறு ஊட்டுறதுக்கு எந்தக் கெடுதலும் கிடையாது" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஜூலை 18

ஒரு வயது முடிந்தது. வெள்ளி அரைஞாண் ஒன்று வாங்கினேன். அளவு தெரியவில்லை. கடைக்காரன் "பிள்ளை எவ்வளவு பருமன்?" என்று கேட்டான். கையால் காட்டினேன். அது போன வருஷத்து அளவு.

அம்சவேணி போனதும் அன்றுதான்.

அக்டோபர் 11, செவ்வாய்

மழை இன்னும் ஒரு வாரம் இருக்கும் போல.

இப்ராஹிம் பாயின் தம்பி அப்துல் அஜீஸ் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கினார். நாகூரிலிருந்து புறப்படுமுன் எனக்காக நம் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நல்ல பேச்சுக்காரர். கேட்காமலே எல்லாம் சொன்னார்.

"பிள்ளை நடக்குது அண்ணே. நடக்கிறதா, ஓட்டம்! அவ மாமன் வயலுக்குக் கெளம்பினா 'அப்பா அப்பா'ன்னு பின்னாலேயே ஓடுது. என்னைப் பார்த்ததும் மாமி காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. அந்தம்மாவும் என்னைப் பார்த்துச் சரியா பேசலை. தூக்கிட்டுப் போக வந்த ஆளோன்னு நெனச்சிருப்பாங்க."

அத்தை ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வெளியே வந்து, மருமகள் காதில் விழாமல் சொன்னாராம். "மாப்பிள்ளை எப்ப வந்தாலும் அவர் வீடு. பிள்ளை அவர் பிள்ளை. கேட்டா இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மருமவளும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் விட்டு ஒரு ராத்திரிகூட இருந்ததில்லைன்னு மட்டும் சொல்லிடுங்க."

அஜீஸ் டீ குடித்துவிட்டுப் போனார். அரைஞாணை அவரிடம் கொடுத்தேன், யாராவது ஊருக்குப் போகும்போது அனுப்பச் சொல்லி.

கடை மூடுகிற நேரத்துக்குப் பஜாருக்குப் போனேன். இப்ராஹிம் பாய் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், விதைக்கிழங்குக்குச் சொல்லிடுங்க. போன வருஷம் எடுத்த அளவே."

நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்குப் போறேன்னியே தம்பி?"

"இல்லை."

மறுபடி குனிந்து சாக்கைச் சுருட்டினார். கட்டினார். கட்டியதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"எப்ப நடறே?"

"மழை விட்டதும்" என்றேன்.