சிவப்புக் காரும் இவருடைய இடது காலும்

புரட்டாதி 9, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, இவருடைய இடது கெண்டைக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். இரவு முழுக்கப் பிடிப்பாம். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊராரின் கால்களை நீட்டி மடக்கிவிடுகிற பிசியோதெரபிஸ்ட் நான். வீட்டிலுள்ள ஒரே ஒரு காலின் நோவுக்குக் காரணம் பிடிபடவில்லை. மூட்டு நல்லது, நரம்பு நல்லது. நீரிழிவு வருத்தமும் இல்லை.

கச்சான் காற்று. கொடியில் போட்ட வெள்ளைக் கோட் மண்ணிறம். திரும்பத் தோய்க்க வேண்டும்.

பின்னேரம் சாவகச்சேரியிலிருந்து காரில் வந்தோம். நாவற்குழிப் பாலம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தார். எஞ்சின் கத்துகிறது, கார் அதே வேகம். பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது.

"என்னப்பா, ஏதோ எரியுற மணம்."

"ஆரோ வெளியிலை குப்பை கொளுத்துறாங்கள்."

யன்னல் கண்ணாடி இரண்டும் பூட்டியிருந்தது.

வீட்டு வாசலில் நிற்பாட்டிய பிறகும் இவர் இறங்கவில்லை. "கிளச் திரும்பவும் போயிட்டுது." யாரோ இறந்த செய்தி சொல்லும் குரல். தை மாதம்தான் புதிதாகப் போட்டது.

வாங்க வேண்டியது: வெங்காயம், நுளம்புச் சுருள், தைலம்.

புரட்டாதி 10, புதன்

அரைநாள் லீவு. காரை மெல்ல மெல்லப் புத்தூருக்கு, தயாவின் கராஜுக்கு உருட்டிப்போனோம். வேகமெடுக்க அழுத்தினால் கிளச் வழுக்கும் என்பதால் சைக்கிள் வேகம். உண்மையில் சைக்கிளைவிடக் குறைவு. வாழைக்குலை கட்டிய சைக்கிளில் ஒரு வயோதிபர் பக்கத்தில் வந்து, காரை மேலும் கீழும் பார்த்து:

"தம்பி, கயிறு கிடக்கு. கட்டி இழுக்கவோ?"

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

தயாவின் சோதனை வடிவானது. ஹான்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளச்சை விட்டார். நல்ல கிளச் என்றால் எஞ்சின் ஒரு உதறலோடு நின்றுவிட வேண்டுமாம். இது நிற்கவில்லை. கியரிலேயே இரைந்துகொண்டிருந்தது.

"பாத்தியளே குகன் அண்ணை, சாகமாட்டனெண்டுது. எஞ்சின் ஒயில் ஒழுகிக் கிளச் பிளேட்டிலை பட்டிருக்கும். கியர்பொக்ஸை இறக்கினால்தான் தெரியும்."

ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி இவர் முகம்.

திரும்ப பஸ்ஸில். இடம் கிடைத்தது. புகையிலைத் தோட்டம் ஒன்றைப் பார்த்தபடி சொன்னார்:

"வித்துப்போடுவமப்பா. கொழும்பிலை ஒரு பெடியன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லுறன் எண்டிட்டன்."

"ஆசைப்பட்டு வாங்கினது."

"எனக்கு உது ஒத்துவரேல்லை."

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது வந்த சிவப்புக் கார். பின்சீட் இல்லை. இரண்டே பேர். ஞாயிறு விடிய காங்கேசன்துறைக் கடல் வரை போய்வருவோம். வீட்டில் இவர் பேசுவது: கரண்ட் பில், கதவு பூட்டியாச்சோ, இவ்வளவு சோறு காணும். காரில் ஏறினால் வேறு ஆள். பள்ளிக்கூடக் கதை, கந்தோரில் கூட வேலைசெய்கிறவர்களின் பகிடி, சுதி விலகின பாட்டு. கல்யாணம் கட்டின ஆளை இத்தனை வருடம் கழித்து அந்தச் சீட்டில்தான் கண்டேன். விற்றால் அந்த ஆளும் கொழும்புக்குப் போய்விடுவார். இதை யாரிடம் சொல்வது?

புரட்டாதி 11, வியாழன்

தூறல். மூன்று துளி, அவ்வளவுதான். வேலையில் ஒரே சனம்.

இவர் கந்தோருக்கு பஸ்ஸில். மத்தியானம் தயாவின் போன் கோல். கியர்பொக்ஸ் இறக்கியாச்சு. பிளேட்டில் ஒரு சொட்டு ஒயில் இல்லை. காய்ந்து, ஆணி தெரியுமட்டும் தேய்ந்துபோய்க் கிடக்கிறதாம். அது ஒட்டிச் சுற்றுகிற பிளைவீலில் சூடு பட்டு நீலம் பாய்ந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் வேலை செய்கிற பெயாரிங்கும் போய், மல்லி வறுக்கிற சத்தம்.

"டூப்ளிகேட் சாமானாக்கும் அக்கா. வேறையென்ன?"

இவருடைய முடிவு வேறு. "கண்ணூறு. முன்வீட்டுக்காரன் பாக்கிற பார்வை அப்பிடி."

ஒத்தடம் போட மறந்துவிட்டேன். இவரும் கேட்கவில்லை.

புரட்டாதி 12, வெள்ளி

கொழும்பிலிருந்து விடிய பஸ்ஸில் சாமான் வந்து, பின்னேரம் பூட்டி முடிந்தது. நான் போகும்போது தயாவும் இவரும் பிளேன்ரீ குடித்தபடி. இவர் தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை நேரம், பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலம், மாமாவின் வாடகைக் காரில் பழகியது.

"மண்ணெண்ணெயிலைதானே அப்ப கார் ஓடினது. துளித்துளியாய் மிச்சம் பிடிக்கவேணும். ஓட்டமெடுத்த உடனை கிளச்சை மிதிச்சுக்கொண்டு இருந்தால், அது தன்பாட்டிலை உருளும். மாமா சொல்லுவார், உன்ரை கால் கிளச்சை விட்டு எழும்பினால் முதுகு பழுக்குமெண்டு."

"பொல்லாத மாமா," தயா.

நானும் சிரித்தேன்.

மூன்றாம் கியர்ச் சோதனை. கிளச்சை விட்டதும் பக்கென்று நின்றது. இவர் கை தட்டினார்! ஐம்பது வயது.

நேரே பிள்ளையார் கோயில். வழமையாக ஒவ்வொரு ரயருக்கும் கீழே ஒரு எலுமிச்சம்பழம். இந்தமுறை இரண்டு. ஐயர், "லொறிக்குக்கூட இவ்வளவு வைக்கிறேல்லை" என்றார்.

"கால் எப்பிடி இருக்கு?" என்று இவரைக் கேட்டேன்.

"எந்தக் கால்?"

அப்போதுதான் நினைத்தேன். புதன், வியாழன், வெள்ளி. கார் கராஜில் கிடந்த நாளெல்லாம் நோவு இல்லை.

புரட்டாதி 13, சனி

வெள்ளோட்டம் என்று ஒரு நாள் முந்தியே காங்கேசன்துறை. நல்ல வெயில். நான் றோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து, செருப்பு வார் பூட்டுகிற சாட்டில் இவர் காலைப் பார்த்தேன்.

நேர் றோட்டு. கியர் மாற்ற ஒரு தேவையும் இல்லை. இடது பாதம் கிளச் பெடலின் மேல். அழுத்தி மிதிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நித்திரைக் குழந்தையின் முதுகில் கை வைத்திருக்கிற மாதிரி. வேகம் குறைக்கும்போது அரைவாசி மிதித்துக் காரை உருளவிடுகிறார். கடற்கரைக்கு வரும்வரை அந்தக் கால் ஒருதரமும் நிலத்தில் படவில்லை.

பெடலில் பாரம் இருந்தால் பிளேட் முழுசாக இறுகாது. இறுகாவிட்டால் வழுக்கும், சூடேறும், தேயும். பாதத்தை அந்தரத்தில் பிடித்தபடியே இருந்தால் கெண்டைக்காலும் இறுகும். காருக்கும் இவருக்கும் ஒரே வருத்தம்! நான் ஒத்தடம் கொடுத்தது பாதி நோயாளிக்கு.

கடற்கரையில் காரின் பொனெற்றைத் தடவிக்கொண்டு நின்றார். "நல்லாய்த்தான் ஓடுது. ஆனால் நம்பேலாது. நாளைக்கு அவனோடை கதைச்சுப்போடுவம்."

உங்கடை கால்தான் காரணம் என்று வாய்வரை வந்தது. சொந்தத்தில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டம் பழக்கிய மனிதர். ஒருமுறை "கண்ணாடியைப் பாத்து எடுங்கோ" என்று சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது சொன்னால், "அப்ப பிழை என்னிலை" என்று அந்த இடத்திலேயே பெடியனுக்குக் கோல் எடுப்பார். சொல்லாவிட்டாலும் நாளைக்கு எடுப்பார்.

விளக்கு வைக்கிற நேரம், கதிரையில் இருந்தபடி: "இஞ்சரும், உந்தக் கால் திரும்பப் பிடிக்குது."

வெந்நீர்ப் பை வைத்தேன். "நீர் கை வைச்சால் சுகமாய் இருக்கு" என்றார். பாவம்.

என் லைசென்ஸில் காரும் உண்டு. எடுத்த நாளிலிருந்து ஸ்கூட்டியைத் தவிர ஒன்றையும் தொடவில்லை.

நாளை விடிய, இவர் போனைத் தூக்குமுன் தேத்தண்ணியோடு கேட்கப்போகிறேன்: விக்கிறதெண்டால் வில்லுங்கோ, அதுக்கு முதல் எனக்கு ஒருக்கால் பழக்கிவிடுங்கோ. மறுக்கமாட்டார். பழக்குவது என்றால் இவருக்கு உயிர். மற்றவர் காலைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வலப்பக்கச் சீட்டில் ஏறுவேன். ஓட்டமெடுத்ததும் என் இடது காலைக் கிளச்சின் மேல் வைத்து அப்படியே விடுவேன். நூறு மீற்றர்கூடப் பொறுக்கமாட்டார். "காலை எடும், பிளேட் எரியப்போகுது" என்று கத்துவார்.

எடுக்கமாட்டேன். ஏன் எரியும் என்று கேட்பேன்.