முதல் வார்த்தை இல்லாத பாட்டு

கோயிலில் என் வலப்பக்கத்துப் பாயை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் எஸ்தரண்ணிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மற்றவர்கள் உன் கல்லறைக்கே வந்து சொல்லிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற அட்வெந்து நாளின் முதல் ஞாயிறன்று கோயிலில் உனக்கு இடம் பிடித்து வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகவே பையை வலப்பக்கம் வைத்துவிட்டது. ஆராதனை தொடங்குகிற நேரத்தில் புதிதாகக் குடிவந்திருக்கும் சுவர்ணா வந்து பையைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தாள். சூளூர்ப்பேட்டைப் பக்கத்துப் பெண். புருஷனுக்குக் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. அவளிடம் நான், "ஆள் வராங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

பாவம், அவள் பின்னால் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆராதனை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, "வரேன்னவங்க வரவே இல்லியேக்கா" என்றாள். "லேட்டாவும்" என்றேன்.

நீ போனது சித்திரையில். குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நமக்கு ஒரே வயது. எதிலும் முந்திக்கொள்வதுதான் உன் வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். இதிலுமா, அண்ணி?

கோயில் சேதி சொல்கிறேன். பீடத்துக்கு ஊதாத் துணி போட்டாயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாள் முடிந்ததும் நீ துவைத்து மடித்து வைத்தாயே, அதே துணி. பெட்டியைத் திறந்தபோது உன் மடிப்பு அப்படியே இருந்தது. இஸ்திரி போட எடுத்துப் போனவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "கோணலா கீதேம்மா" என்றார் உபதேசியார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஆயர் ஐயாவுக்கு ஊர் ஊராய்ச் சபைகள் இருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் நமக்குக் கிடைக்கிறார். மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார்தான். அவரை எதிர்த்துப் பேசுவது எனக்குப் புதிதா என்ன?

ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுகிற மெழுகுவர்த்தி வளையம் இந்த வருஷம் புதுசு. கீபோர்டு வாசிக்கிற டேனியல், வேலை செய்கிற இடத்தில் துண்டுக் கம்பி கேட்டு வாங்கி வளைத்துக் கொண்டுவந்தான். சவுக்குக் கிளையைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். நாலு மெழுகுவர்த்தியும் நாலு உயரம். உனக்குப் பார்க்கச் சகிக்காது.

இப்போது அண்ணனைப் பற்றி. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

நீ போனதிலிருந்து அவன் நைட் ஷிப்டைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ராத்திரியில் அந்த வீட்டில் படுக்க அவனால் முடியவில்லை. பகலில் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறான், அல்லது தூங்குவதாக நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். கோயில் பக்கம் வருவதில்லை. ஓசூரிலிருந்து உன் மகள் எனக்குத்தான் போன் போடுகிறாள். "அத்தே, அப்பா உயிரோட கீறாரான்னு போயிப் பாரு அத்தே" என்கிறாள். நான் போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து இருமல் சத்தம் மட்டும் வரும். அதைத்தான் அவளுக்குச் சேதியாக அனுப்புகிறேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் மாட்டினான். ஓடுகிற வண்டியில் எங்கே போவான்? கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குப் போகப் போகிறானாம். அங்கே ஒரு கம்பெனியில் ரூமும் தருகிறார்களாம். எதற்கு என்று கேட்டேன்.

"அங்க யாருக்கும் என்னத் தெரியாது ராணி. அது போதும்."

வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் பற்றி நான் வாயெடுப்பதற்குள், "இந்த வருஷம் எங்க ஊட்டாண்ட வராதீங்க" என்றும் சொல்லிவிட்டான். கடம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு வந்ததை நீ பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பாய்.

அவன் போய்விட்டால் திரும்பி வரமாட்டான், அண்ணி. எனக்குத் தெரியும். நீ படுத்திருக்கிற ஊரை விட்டு ஒரு தடவை போய்விட்டால், வருவதற்கு அவனுக்குக் கால் எழாது.

இரண்டாம் ஞாயிறு மெழுகுவர்த்தி ஏற்றுவது எப்போதும் உங்கள் குடும்பத்து முறை. உபதேசியார் பழக்கத்தில், "தேவதாஸ், எஸ்தர் குடும்பத்தார் முன்னே வரவும்" என்று கூப்பிட்டுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கோயிலில் இருந்த அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வருவானென்றா? வெளியே வெயிலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் யாரோ செருப்பைக் கழற்றுகிறார்கள், உள்ளே வந்துவிடட்டும் என்பது போலக் காத்திருந்தோம். கடைசியில் நான்தான் போய் ஏற்றினேன். இரண்டு தடவை அணைந்தது.

இதைவிட மோசம் பாட்டு. உன் மேல் எனக்கு உண்மையான கோபமே இதில்தான்.

டேனியல் முன்னிசை வாசித்து முடிப்பதற்குள் நீ பாட ஆரம்பித்துவிடுவாய். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான், நீ கேட்கவில்லை. அதுவும் தொண்டை கிழிகிற சுதியில் முதல் வார்த்தையை எடுப்பாய். நாங்களெல்லாம் உன்னைத் துரத்திக்கொண்டு இரண்டாம் வார்த்தையில் வந்து சேருவோம். இத்தனை வருஷத்தில் சபை முழுக்க அப்படியே பழகிவிட்டோம். நீ போன பிறகும் இரண்டாம் வார்த்தையில்தான் வந்து சேருகிறோம். எந்தப் பாட்டுக்கும் முதல் வார்த்தை இல்லை. முன்னிசை முடியும், ஒரு மூச்சு நேரம் கோயில் அப்படியே நிற்கும், பிறகுதான் எங்கள் குரல் வரும். அந்த ஒரு மூச்சில் உன் குரல் எனக்குக் கேட்கிறது. எனக்கு மட்டுமென்றால் பைத்தியம் என்று விட்டுவிடலாம். உபதேசியாருக்கும் கேட்கிறதாம். அவர் என்னைப் பார்த்து இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இப்படி நிற்கிறோம் என்பது முதலில் எங்களுக்கே தெரியாது. சுவர்ணாதான் கண்டுபிடித்தாள். கேரல் பாட்டு பழகுகிறபோது அவள் டேனியல் முடித்த இடத்தில் சரியாக ஆரம்பித்தாள். எல்லோரும் அவளைத் திரும்பி முறைத்தோம். அவள் பயந்துபோய்க் கேட்டாள்:

"இன்னாக்கா, ஒவ்வொரு பாட்டுக்கும் நிக்கிறீங்க? யாருக்கு வெயிட் பண்றீங்க?"

டேனியல் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சுவர்ணாவும் எங்களோடு சேர்ந்து நிற்கப் பழகிவிட்டாள். ஒரு வாரத்தில் அவளையும் கெடுத்துவிட்டாய், பார்.

போன சனிக்கிழமை கேரல் ரவுண்ட்ஸ். மறுநாள் பாதிப் பேருக்கு மார்னிங் ஷிப்ட் என்பதால் பொழுது சாய்ந்ததுமே கிளம்பிவிட்டோம். அண்ணனுக்கு அன்று வார லீவு என்று விசாரித்து வைத்திருந்தேன். உங்கள் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று கோயில் வாசலிலேயே பேச்சு வந்தது. வேண்டாமென்று ஆளே சொல்லிவிட்டபோது போவது மரியாதையில்லை என்றார் உபதேசியார். துக்க வீட்டுக்குப் போகிற முறைப்படி போகலாம், விரட்டினால் வந்துவிடலாம் என்றேன் நான்.

முறைப்படியே போனோம். தெருமுனையில் டிரம்மை நிறுத்தினோம். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவரை அங்கேயே கைப்பம்பு பக்கத்தில் நிற்கச் சொன்னோம். துக்க வீட்டு முன்னால் ஆட்டம் கூடாதே. எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்க, உங்கள் வீடு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருட்டாக இருந்தது. வருஷம் திரும்புகிற வரைக்கும் நட்சத்திரம் கட்டக் கூடாது, சரிதான். ஆனால் உள்ளே ஒரு பல்பைக் கூடவா போடக் கூடாது? சன்னலும் சாத்தியிருந்தது.

கேட்டுக்கு வெளியே நின்றோம். டேனியல் கிடாரில் மெதுவாக முன்னிசை வாசித்தான். அட்வெந்துப் பாட்டுதான், நீ எப்போதும் அழுதுகொண்டே பாடுவாயே, அது. வாசித்து முடித்தான்.

ஒருவரும் பாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் வார்த்தையிலாவது பிடித்துக்கொள்வோம். அன்று அதுவும் வரவில்லை. உன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, நீ எடுக்காமல், நாங்கள் எப்படி எடுப்பது? சுவர்ணா முழங்கையால் என்னை இடித்தாள், நான் அவளை இடித்தேன். டேனியல் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். மறுபடியும் ஒன்றுமில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் இருட்டில் அந்தச் சன்னலைப் பார்த்தபடி, கூட்டிக்கொண்டு வந்தது தப்பு, இனி அவன் நாளைக்கே பெட்டி கட்டிவிடுவான் என்று நினைத்தேன்.

மூன்றாம் தடவை டேனியல் வாசிக்க ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்கு முன்னாலேயே, சரியாக நீ அவசரப்படுகிற அந்த இடத்தில், வீட்டுக்குள்ளிருந்து முதல் வார்த்தை வந்தது.

உன் சுதி. உன் உயரம். எட்டாமல் எட்டிப் பிடித்துக் கிழிந்த குரல்.

சுவர்ணா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அவள் உன்னைப் பார்த்ததே இல்லை, அண்ணி. யாருக்காக நின்றோம் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் கால் பழகிய பாதையில் போவது மாதிரி, எங்கள் வாய் இரண்டாம் வார்த்தையில் போய்ச் சேர்ந்துகொண்டது. முழுப் பாட்டையும் பாடினோம். ஒவ்வொரு சரணத்துக்கும் உள்ளேயிருந்து முதல் வார்த்தை வந்தது, பின்னாலேயே நாங்கள் போனோம். பாடிக்கொண்டிருந்தபோது அது அண்ணன் குரல் என்று எனக்குத் தெரியும். நீயும் அங்கே இருந்தாய் என்றும் தெரியும். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

பாட்டு முடிந்ததும் தாழ்ப்பாள் திறந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். சவரம் செய்து எத்தனை நாளோ. எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா, எல்லாரும் ஊமையா பூட்டீங்களா? எவ்ளோ நேரந்தான் உள்ள குந்திக்கினு காத்திருக்கறது?" என்றான்.

எனக்கு அழுகை வந்தால்தான் வாய் நீளும், தெரியுமே. "உனக்குப் பாட வரும்னு அண்ணி ஒரு நாளும் சொல்லலியே" என்றேன்.

"அவ எங்க என்னப் பாட வுட்டா."

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டான். பிறகு யாரிடமும் இல்லாமல், "அவ சுதி எனக்கு எட்டல" என்றான்.

கும்மிடிப்பூண்டி பற்றி எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டேன். தனியாகக் கேட்டால் நழுவிவிடுவான். கேட்டின் கொக்கியை நோண்டிக்கொண்டிருந்துவிட்டு, "பொங்கல் வரிக்கும் பாக்கலாம்" என்றான். அதற்கு மேல் நானும் இழுக்கவில்லை. போகிறேன் என்றா, இருக்கிறேன் என்றா? நீயாக இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய். எனக்கு அவன் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் அவனைப் படிக்கத் தெரிந்தவள் நீ மட்டும்தான்.

அண்ணி, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அவனைச் சவரம் செய்ய வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, நானே கூட்டிவருவேன். அதற்குப் பிறகு அவன் கும்மிடிப்பூண்டிக்கே போனாலும், ரெண்டு ரயில் மாறிப் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தாவது உன் சபைக்கு இழுத்துவருவேன். என் மூச்சு இருக்கிற வரைக்கும் அவனை யாருக்கும் தெரியாத ஆளாக இருக்க விடமாட்டேன். நீ நிம்மதியாக இரு. முடிந்தால் அங்கேயாவது சற்று மெதுவாகப் பாடு.

இன்னொரு சேதி. வரவேண்டாம் என்று சொன்ன ஆள், பாட வருகிற கேரல் பார்ட்டிக்காக அன்று மத்தியானமே தன் கையால் முறுக்கு சுட்டு வைத்திருந்தான். தட்டோடு கொண்டுவந்து நீட்டினான். மரியாதைக்கு உபதேசியார் ஸ்தோத்திரம் சொல்லி முதல் முறுக்கைக் கடித்தார். அவருடைய முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, முறுக்கு ருசியாக இருப்பதாகச் சொல்லி இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஞாயிறு வேதத்தில் ஏசாயாவிலிருந்து நீளமான பாடம் வாசிக்க வேண்டியவர் அவர்தான். வாசித்தார்.

உன் வயசு நாத்தனார், இப்போது உன்னைவிட மூத்தவளாகிக்கொண்டிருக்கிற
ஜெயராணி